மிஷினுக்காகப் போட்ட கொட்டகை

பாவா வேலை பார்த்த மரவாடியை மூடிவிட்டு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, அங்கிருக்கும் பழைய அறுவை மிஷின் என்ன ஆகும் என்று முதலில் கேட்டது அக்காதான். பாவாவுக்கு அந்த யோசனையே வரவில்லை. அத்தனை வருஷமாக அந்த மிஷினுக்குள் மரத்தைத் தள்ளி நிமிர்ந்தவர், அது தன் வீட்டு வாசலுக்கு வரக்கூடும் என்று நினைத்ததில்லை. அக்கா புருஷனை எங்கள் பக்கத்தில் பாவா என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசாத மனுஷன். அக்கா அதற்கு நேர் எதிர். அவளே அரக்கோணம் போய் முதலாளியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் டிராக்டரில் மிஷின் வந்து இறங்கியது.

அக்கா வீடு திருத்தணியில் நகரி ரோட்டுப் பக்கம், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. இரண்டே அறை. ஆனால் பின்னால் நல்ல காலி இடம். நான் ஸ்டேஷன் பக்கம் குடியிருந்தேன். காலை ரயிலில் அம்பத்தூர் கம்பெனிக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு அக்கா வீடுதான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் பிள்ளைகள் அங்கே போனால் திரும்பி வர அழுவார்கள்.

முதலில் மிஷினை நீலத் தார்ப்பாய்க்குக் கீழேதான் வைத்திருந்தார்கள். காற்றில் சாய்ந்த வேம்பு, பட்டுப்போன மாமரம் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வண்டியில் போட்டுக் கொண்டு வருவார்கள். கதவுக்கு, கட்டிலுக்கு, அலமாரிக்கு என்று பாவா அளவாக அறுத்துக் கொடுப்பார். மிஷின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி அக்காவுக்கு மிஷின் ஓடாத நேரத்திலும் உரக்கப் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. அவள் தையல்காரி. தைத்து மாட்டிய ரவிக்கைகளில் எல்லாம் மரத்தூள். கல்யாண வீட்டுக்குப் போனால் யாராவது ஒருத்தியின் கழுத்தில் அரிப்பு எடுக்கும், அது நம்ம வீட்டுத் தூள்தான் என்று சொல்லிச் சிரிப்பாள்.

மழைதான் பெரிய தொல்லை. மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் பாதி அறுத்த மரத்தை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரை மூட ஓட வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்க வேலை நின்றுபோனது. ரம்பப் பட்டை துருப்பிடித்தது. அப்போதுதான் அக்கா கொட்டகைப் பேச்சை எடுத்தாள்.

வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினால் போதும் என்றார் பாவா. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சமையலறையை விட்டுத் தள்ளி, இடத்தின் கடைசியில், கல்தூண் நட்டு, உயரமாகப் போட வேண்டும் என்றாள்.

“எனக்கு ஷெட்டு வேணாங்க. மில்லு வேணும். லாரி உள்ள வந்து திரும்புற மாதிரி இருக்கணும்.”

“லாரி வருதாம் லாரி,” என்று பாவா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் மறுநாளே கடப்பாரையை எடுத்துக் கடைசி மூலையில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடமாட நின்றேன். தூண்களை நட்டோம். பனஞ்சட்டங்களைப் பாவாவே அறுத்து இழைத்து மேலே ஏற்றினார். நடுவில் மிஷின் உட்கார ஒரு கான்கிரீட் மேடை. மிஷினின் காலுக்குச் சரியாக வரும்படி போல்ட்டுகளை மேல்நோக்கி நிறுத்திக் கொத்தனார் போட்டுக் கொடுத்தார். மேடை நன்றாக இறுக வேண்டும், சுற்றிலும் மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மிஷின் ஓடும்போது மேடை வெடித்துவிடக்கூடாது என்று பாவாவுக்குப் பயம். பக்கத்திலேயே ஒரு டிரம் வைத்து நிரப்பி, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள் என்று அக்காவிடம் சொன்னார். அவளும் தையலுக்கு நடுவில் எழுந்து எழுந்து போய் மொண்டு ஊற்றினாள். வற்றவே விடவில்லை.

தகர ஷீட்டுகள் வந்து இறங்கின. சுவரோரம் அடுக்கி வைத்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடலாம் என்று பேச்சு.

அந்த வாரம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டுதான் இருந்தாள். கைகால் முறித்துப் போட்டது போல வலிக்கிறது என்று போனில் சொன்னபோதுகூடச் சத்தமாகத்தான் சொன்னாள். வாந்தி நிற்காமல் போனதும் பாவா அவளை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டெங்கு என்றார்கள். அங்கிருந்து திருவள்ளூர், அங்கிருந்து சென்னை. நான் கம்பெனியிலிருந்து நேராகப் போனேன்.

கட்டிலில் அவள் முகம் உப்பியிருந்தது. கையைப் பிடித்ததும் கண்ணைத் திறந்தாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

“ஷீட்டு மேல கல்லு தூக்கி வெச்சாரான்னு கேளு. காத்து அடிச்சா தூக்கிகினு பூடும்.”

வைத்துவிட்டார் என்று சொன்னேன். வைத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவள் தலையை அசைத்தாள். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

ஆம்புலன்ஸ் திருத்தணி வந்து சேரும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். வாசற்படிக்குள் அது நுழையவில்லை. தெருவில் சாமியானா கட்டியிருந்தார்கள். துணியில் தண்ணீர் தேங்கித் தேங்கி வயிறு தள்ளி, ஒரு பக்கம் கிழிந்து ஊற்றியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் அந்த மேடை மேல் வையுங்கள், தார்ப்பாயாவது கட்டிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். யாரோ காலால் மண் வரப்பை உடைத்துத் தண்ணீரை வெளியேற்றினார்கள். போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்ததால் பலகைகளைக் குறுக்கே போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். மேலே வெறும் பனஞ்சட்டம். நாலு பேர் தார்ப்பாயை விரித்துப் பிடித்தார்கள். காற்று அதை இழுத்துக்கொண்டு போயிற்று. பெட்டியின் கண்ணாடி மேல் மழை விழுந்து அவள் முகம் கலங்கிக் கலங்கித் தெரிந்தது.

பாவா அதுவரை அழவில்லை. திடீரென்று ஏணியை எடுத்துத் தூணில் சாய்த்தார். இடுப்பில் போல்ட்டு, சாமான் பையைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. ஓடிப்போய் முதல் ஷீட்டைத் தூக்கிக் கொடுத்தேன்.

பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், சாவு விழுந்த வீட்டில் புருஷன்காரன் இப்படிக் கூரை வேலை செய்யக்கூடாது, வேறு ஆளை ஏற்றலாம் என்று கீழேயிருந்து சொன்னார். பாவா காதில் வாங்கவில்லை. ஓட்டை போட்டார், போல்ட்டை மாட்டினார், முறுக்கினார், அடுத்த ஷீட்டுக்குக் கையை நீட்டினார். சுத்தியல் சத்தத்தில் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஷீட் ஒவ்வொன்றாக ஏற ஏற, அக்காவின் மேல் விழுந்த மழை கால் பக்கத்திலிருந்து நின்றுகொண்டே வந்து கடைசியில் முகத்தில் நின்றது. தகரத்தின் மேல் விழுகிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

இறங்கி வந்தவர் தோளில் இருந்த துண்டைப் பிழிந்து கண்ணாடியைத் துடைத்தார். துண்டே ஈரம், துடைக்கத் துடைக்கக் கோடு விழுந்தது. என் பெண்டாட்டி முந்தானையைக் கொடுத்தாள். அதை வாங்கித் துடைத்துவிட்டு, மேலே ஒரு முறை பார்த்தார்.

“இப்ப நனையல இல்ல மச்சான்?” என்று கேட்டார்.

“நனையல பாவா,” என்றேன். அப்போதுதான் அவர் அழுதார்.

காரியம் முடிந்த பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். தெருவில் பல வீடுகளில் காய்ச்சல் இருந்தது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவர், கொட்டகைத் தூணோரம் இருந்த டிரம்மில் டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்சம் தண்ணீரை மொண்டு காட்டினார். மெல்லிய புழுக்கள் நெளிந்தன. இது எதற்கு வைத்தது என்று கேட்டார். கான்கிரீட்டுக்கு ஊற்ற என்றார் பாவா. நல்ல தண்ணீரில்தான் இந்தக் கொசு முட்டை வைக்கும், வேலை நடக்கிற இடத்தில் இப்படித்தான் ஆகிறது என்று அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே டிரம்மைக் கவிழ்த்தார். பாவா முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே அந்த அம்மாவிடம், இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் நல்லவர். அப்படிச் சொல்லவே முடியாதுங்க, பூந்தொட்டி, தேங்காய் ஓடு, பழைய டயர் என்று தெரு முழுக்க இருக்கிறது, எந்தக் கொசு யாரைக் கடித்தது என்று யாருக்குத் தெரியும் என்றார். ஆனால் பாவா அதற்குள் வீட்டுக்குள் போயிருந்தார்.

சாயங்காலம் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“வத்தாம பாத்துக்கோன்னு நாந்தானே சொன்னேன்,” என்றார். “அவளும் வத்தாம ஊத்திகினே இருந்தா.”

நான் என்னென்னவோ சொன்னேன். கொத்தனார் சொன்னதைத்தானே செய்தீர்கள் என்றேன். ஊரில் கட்டடம் கட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் தண்ணீர் நிறுத்துகிறார்கள் என்றேன். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் புழுக்கள் நெளிந்துகொண்டுதான் இருந்தன. அதைக் காட்டிக்கொள்ளாமல் பேசிக்கொண்டே இருந்தேன்.

கொட்டகை கூரையோடு நின்றது. மிஷின் தார்ப்பாய்க்குக் கீழேயே நனைந்தது. மரம் கொண்டு வந்தவர்களை வேறு மில்லுக்குப் போகச் சொல்லி அனுப்பினார். வேலை என்று ஒன்று ஆரம்பித்தால் மனுஷன் தேறுவார் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு, மிஷினைத் தூக்கச் செயின் பிளாக்கையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தடுக்கவில்லை. மேடை மேல் அன்று போட்ட பலகைகளை எடுத்து, போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, மிஷினைக் கொஞ்சம் தூக்கியும் விட்டார்கள். அப்போது அவர் மேடை மேல் வந்து நின்றுகொண்டார்.

“வேணாம் மச்சான். அவள வெச்ச எடம்.”

ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. லாரி திரும்புகிற மாதிரி மில் வேண்டும் என்று கேட்டவள் அவள்தானே, அவள் ஆசைக்காகவாவது ஓட்டக்கூடாதா என்று கேட்டுவிட்டேன். அக்கா இருந்திருந்தால் எனக்காக அவரிடமும் அவருக்காக என்னிடமும் சத்தம் போட்டிருப்பாள். அன்று நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பொங்கலுக்குப் பிறகு, புத்தூர் பக்கம் மில் வைத்திருக்கிற தெரிந்தவர் ஒருவருக்கு மிஷினைக் கொடுத்துவிட்டார். அதோடு தானும் அங்கேயே வேலைக்குப் போகிறேன் என்றார். தினமும் போய்வரலாமே, பஸ்தான் இருக்கிறதே என்றேன். அங்கேயே தங்க ஓர் அறை கொடுக்கிறார்கள் என்றார். வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். வாரம் ஒரு முறை போய்க் கூட்டிவிட்டு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஆட்டோவைக் கொட்டகையில் நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார். போனில் பாவாவைக் கேட்டேன். நிறுத்தட்டும் என்றார்.

அக்காவின் முதல் வருஷத் திதிக்குப் பாவா வந்தார். இளைத்திருந்தார். என் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கொசுவலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். படைத்து முடித்துச் சாப்பிட்டோம். பின்பக்கம் அவர் போகவே இல்லை. கை கழுவக்கூடத் தெருப்பக்கம்தான் வந்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். புத்தூர் வழியாகப் போகிற திருப்பதி பஸ் வரத் தாமதமானது. மறுபடியும் அந்தச் சுகாதாரத் துறை அம்மா சொன்னதையே எடுத்தேன். தெரு முழுக்க அந்த வருஷம் காய்ச்சல் இருந்ததை, எந்தக் கொசு என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை, முதலிலிருந்து சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

“ஆங். நீ சொல்லும்போது நிசம்தான்னு தோணுது மச்சான்,” என்றார். “கொஞ்ச நேரம் நிக்குது. அப்பால பூடுது.”

“அப்ப போன் பண்ணுங்க பாவா. திரும்பச் சொல்றேன்.”

அவர் என் தோளைத் தொட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினார். இப்போது சில நாள் போன் வரும். வேறு எதுவும் கேட்கமாட்டார். நான் ரயிலில் நின்றுகொண்டோ, கம்பெனி வாசலில் இருந்தோ, அந்த அம்மா சொன்னதை அவருக்கு ஒரு தடவை சொல்வேன்.