இருநூறு கிராம்

சைதாப்பேட்டை ஆற்றோரக் குடியிருப்பில் தேவானை அங்கன்வாடி டீச்சராகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகிறது. ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கிய மாத்திரத்தில் போன மாதத்தைவிட இளைத்திருக்கிறதா, தேறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள்தான் குழந்தை சிம்ராவின் எடையைத் தெரிந்தே தவறாகப் பதிந்தாள்.

அந்த மாதக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் விஜயலக்ஷ்மி அவளை எழுப்பி நிற்கவைத்தார். மற்ற மையங்களில் ஒன்றோ இரண்டோதான் சிவப்பு. உங்களிடம் மட்டும் ஏன் ஐந்து, சத்துமாவு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிவப்பு என்றால் வயதுக்கேற்ற எடையில் மிக மோசமாகப் பின்தங்கிய பிள்ளை. நாற்பது டீச்சர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவானைக்கு முகம் எரிந்தது.

மறுநாள் எடை பார்க்கும் நாள். சிம்ராவைப் பக்கத்து வீட்டுப் பெண் தூக்கி வந்தாள். தாய் ஜஹீதா பெசன்ட் நகரில் மூன்று வீடுகளில் வேலை செய்பவள். காலை ஆறு மணிக்கே பஸ் ஏறிவிடுவாள். ஒன்றரை வயதுக் குழந்தை, ஏழு கிலோ நூறு கிராம் இருந்தது. சிவப்பு. இன்னும் இருநூறு கிராம் இருந்தால் அவ்வளவு மோசமில்லாத மஞ்சள். தேவானை செல்போனில் ஏழு முந்நூறு என்று போட்டாள். அடுத்த மாதத்துக்குள் சத்துமாவைக் கூடுதலாகக் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிவப்புப் பட்டியலில் பெயர் இல்லாததால், அந்தப் பிள்ளைகளைப் பார்க்க டாக்டர் வந்தபோது சிம்ராவை யாரும் கூப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. உடம்பில் தாங்க எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் போய்விட்டது.

பத்து நாள் கழித்து ஜஹீதா மையத்துக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று தேவானை நினைத்தாள். ஜஹீதா கையில் பிரிக்காத மாவுப் பாக்கெட் இரண்டு இருந்தன.

“இத வேற கொழந்தைக்கு குடுத்துடுங்க டீச்சர். எங்கூட்ல துன்றதுக்கு ஆள் இல்ல.”

அதை வாங்கி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. தேவானையால் முடியவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறையை விட்டு அவளை வாசலுக்கு அழைத்துப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கூட்டத்தில் கேட்ட கேள்வியைச் சொன்னாள். அதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

ஜஹீதா பாக்கெட்டுகளைப் படியில் வைத்தாள். பிறகு, “கரெக்டா போட்டிருந்தா இன்னா பண்ணியிருப்பாங்க?” என்று கேட்டாள்.

“ஆஸ்பத்திரில ரெண்டு வாரம் வச்சு, தேத்தி அனுப்பியிருப்பாங்க. நீயும் கூட இருக்கணும். வேல போயிடும்னு நீ வரமாட்டியோன்னும் நெனச்சேன்.”

“நீங்களே நெனச்சிக்கினீங்களா? ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்திருப்பேனே, டீச்சர்.”

அவ்வளவுதான். அழக்கூட இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலையே தேவானை தான் செய்ததைக் கைப்பட எழுதி அலுவலகத்தில் கொடுத்தாள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. விஜயலக்ஷ்மி அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அந்த மாதம் எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி எடை பார்த்தாள்; ஏழு சிவப்பு. ஏழு வீட்டுக்கும் தானே போய், தாய்மார் வேலையிலிருந்து திரும்பும்வரை வாசலில் உட்கார்ந்திருந்து பேசினாள். நான்கு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒருத்தி வேலைக்கு ஆள் மாற்றிவிடுவார்கள் என்று பயந்து நாலாம் நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வந்தவர்களில் மற்ற மூவரின் பிள்ளைகளும் தேறின.

ஜஹீதாவைப் பிறகு பஸ் நிறுத்தத்தில் இரண்டு முறை பார்த்தாள். முதல் முறை ஜஹீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் முறை திருப்பவில்லை. வெறுமனே பார்த்தாள். பஸ் வந்ததும் ஏறிப் போனாள்.