லீலாவதியின் திங்கட்கிழமைகள்

"வெரல நீட்டும்மா."

சிந்தாமணி இடது கட்டைவிரலை நீட்டுவாள். லீலாவதி அதை ஈரத்துணியால் துடைத்து, மைப்பெட்டியில் ஒற்றி, மனுவின் அடியில் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். தேயிலைக் கொழுந்து கிள்ளியே ரேகை தேய்ந்த விரல். அவசரப்பட்டு எடுத்தால் வெறும் கறைதான் விழும். கையெழுத்துத் தெரியாத தாய்க்காகச் சொந்தமாக ஒரு மைப்பெட்டி வாங்கி வைத்திருக்கும் ஆளைப் பூலாம்பாடியில் வேறெங்கும் பார்க்க முடியாது.

லீலாவதிக்கு நாற்பத்தொரு வயது. சின்ன வெங்காயப் பட்டறையில் காய்ந்த வெங்காயத் தாளை அறுக்கும் வேலை. அவள் அம்மா பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். எண்பத்து நாலில் கலவரத்துக்குப் பயந்து கப்பலேறி வந்தபோது இவள் வயிற்றில் இருந்தாள். ஐந்து மாதம் கழித்து இங்கே பிறந்ததால் மகள் இந்தியக் குடிமகள், பெற்றவள் இல்லை! இந்த அநியாயத்தை பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அத்தனை பேரிடமும் லீலாவதி சொல்லிவிடுவாள். எழுபத்தொன்பது வயதுச் சிந்தாமணிக்கோ ஆசை ஒன்றே ஒன்று. "ஒரே ஒரு தடவ ஓட்டுப் போட்டுட்டுக் கண்ண மூடிடணும்டி."

குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பதினோரு வருடமாயிற்று. அன்றிலிருந்து லீலாவதி டவுன் கலெக்டர் ஆபீசை நிம்மதியாக விட்டதில்லை. வாரம் தவறாமல் ஒரு மனு. எல்லாம் அங்கே மனு வாங்கும் திங்கட்கிழமையில்தான். "நாம சும்மா இருந்தா அவங்களும் சும்மா இருந்துடுவாங்க" என்பது அவள் பேச்சு. ரசீதுகளெல்லாம் ஒரு தலையணை உறைக்குள் சேர்ந்து, உறை நிஜமான தலையணையாகவே ஆகிவிட்டது. வாசலில் இருக்கும் காவலாளி ஆண்டவர், "வந்துட்டாங்கய்யா நம்ம ஆபீசரு" என்று கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளே போவாள்.

போன திங்கட்கிழமை மனு வாங்கும் மேசையில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். தமிழ்மொழி என்று பெயர். மனுவை வாங்கியவள் முத்திரை குத்தாமல் எழுந்துபோய், ஒரு கோப்பைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து வைத்தாள்.

"அக்கா, உங்கம்மா விண்ணப்பம் இந்தா, இவ்ளோதான்" என்று அடியிலிருந்த மெல்லிய கத்தையைக் காட்டினாள். "மிச்சம் பூரா நீங்க குடுத்த மனுங்க."

லீலாவதிக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

"ஒவ்வொரு மனுவுக்கும் பதில் எழுத கோப்ப மேலாபீஸ்லேர்ந்து இங்க வரவழைக்கிறாங்க. எழுதி முடிச்சு மேல போனா வரிசையில கடைசி. அதோட முறை வர்றதுக்குள்ள நீங்க அடுத்த மனு குடுத்துடுறீங்க. அதான் நவுரவே இல்ல. யாருமே சொல்லலீங்களாக்கா?"

யாரும் சொல்லவில்லை. பதினோரு வருடம்! முத்திரை குத்தியவர்கள், ரசீது கொடுத்தவர்கள், "அம்மா சவுக்கியமா" என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்! பாவிகள், ஒரு வாய் சொல்லியிருக்கக் கூடாதா?

"அப்ப நானாங்க? இத்தன நாளா நானேவா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு ஆறு மாசம் எதுவும் குடுக்காம இருங்கக்கா. தன்னால வந்துடும்."

திரும்பும் பஸ்ஸில் லீலாவதி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய், கண்டக்டரிடம் திட்டு வாங்கி, நடந்து வந்தாள். மறுநாள் பட்டறையில் வெங்காயத் தாளோடு தன் விரலையும் அறுத்துக்கொண்டாள். எத்தனை தேர்தல் வந்து போயிற்று! தான் வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்திருந்தால் அம்மா இரண்டு தரமாவது ஓட்டுப் போட்டிருப்பாளே என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டாள். இனி ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாத வேலை. அம்மாவுக்கு அந்த ஆறு மாதம் இருக்கிறதா என்பதும் தெரியாது.

தாயிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

இன்று திங்கட்கிழமை. சிந்தாமணி குளித்து, தலைவாரி, கட்டிலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே கட்டைவிரலை நீட்டினாள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? பஸ்ஸு போயிடும்ல."

லீலாவதி ஈரத்துணியை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். நக இடுக்கில் போன வாரத்து மை இருந்தது. அதைத் துளி விடாமல் துடைத்தாள். பிறகு அந்த விரலை மெல்ல மடக்கி, தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.