அடையாளம் தெரியாத நபர்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே, புங்கமரத்தடியில் மேஜை போட்டு நான் மனு எழுதுகிறேன். பட்டா, முதியோர் பென்ஷன், வழித் தகராறு, எதுவானாலும் வந்தவர் பாதி சொல்வதற்குள் மீதியை நானே எழுதி முடித்துவிடுவேன். காரணம் சொல்லாத மனு நிற்காது என்பது என் தொழிலில் முதல் பாடம். அந்தப் பழக்கம் மேஜையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உலகத்தில் எது நடந்தாலும் அதற்கும் ஒரு காரணம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

வடக்கே ஒரு பயணிகள் விமானம் விழுந்த வாரம் டீக்கடையில் நான்தான் ராஜா. முதல் நாள் பறவை மோதிவிட்டது என்றேன். மறுநாள் பைலட் அசந்துவிட்டார் என்றேன். மூன்றாம் நாள் அதுவும் புளித்துப் போக, மெக்கானிக் பக்கம் திரும்பினேன். எங்கள் வீட்டு போர் மோட்டாரில் ஒரு நட்டைச் சரியாக முடுக்காததால் மோட்டாரே கழன்று உள்ளே போன கதையைச் சொல்லி, விமானமும் அப்படித்தான் என்று முடித்தேன். நான் அதுவரை விமானத்தில் ஏறியதுகூடக் கிடையாது. ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த உற்சாகத்தில் அதையே போனில் பேசிப் பதிவு செய்து எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டேன். முடிக்கப் போகும்போது காரம் கம்மியாக இருப்பதுபோல் தோன்றியது. கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன் பிளேன் மெக்கானிக்காக இருக்கிறான் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அவனும் அந்த விமானம் கிளம்பிய ஏர்போர்ட்டில்தான் ரிப்பேர் பார்க்கிறானாம், எந்த லட்சணத்தில் பார்த்தானோ என்று ஒரு வரி சேர்த்தேன். அவன் எந்த ஊரில் வேலை செய்கிறான் என்பதுகூட எனக்குத் தெரியாது.

சில வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, குறைதீர்வு நாள் கூட்டத்தில் ஒரு அம்மா என் மேஜைக்கு வந்தார். மகன் கொஞ்சம் தள்ளி, கழற்றாத ஹெல்மெட்டோடு பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் வீடு. மகனுக்கு அடி அண்ணாமலையில் பெண் பார்த்து நிச்சயமும் முடிந்துவிட்டது. அதற்குள் போனில் யாரோ ஒருவர் பேசியது ஊரெல்லாம் சுற்றி, பெண் வீட்டுக்கும் போய், அவர்கள் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"எம் புள்ள ரிப்பேர் பாக்கறது பிளேனுக்கு மூட்ட ஏத்தற வண்டிங்க. அதுவும் வேற ஊர் ஏர்போர்ட்ல. நான்தான் பெருமைக்கு பிளேன் மெக்கானிக்குனு எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றார்.

பேசியவர் யார் என்று கலெக்டர் கண்டுபிடித்துத் தர வேண்டும். அதுதான் மனு. அந்தப் பேச்சை அந்த அம்மா கேட்கவில்லை, கேட்க மனசு வரவில்லை. யாரோ நன்றாகப் படித்தவர் விவரமாகப் பேசியிருப்பதாகச் சொல்கிறார்கள் என்றார். அதைக் கேட்டதும் எனக்குள் முதலில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதற்கு அப்புறம்தான் பயமும் வெட்கமும். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"அடையாளம் தெரியாத நபர் ஒருவர் பரப்பிய பொய்யான தகவலால்" என்று எழுதினேன். பழகிய கை.

கையெழுத்து வாங்குமுன் மனுவை வாசித்துக் காட்டுவது வழக்கம். மெதுவாக வாசித்தேன். காது மந்தம், சத்தமாகப் படியுங்கள் என்றார் அந்த அம்மா. வேறு வழியில்லாமல் குரலை உயர்த்தினேன். பைக்கில் இருந்தவன் இறங்கி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"இன்னொரு தடவ படிங்க சார்."

படித்தேன். அவன் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கலெக்டர் வேணாம். பொண்ணு வீட்டுக்கு வந்து நீங்களே சொல்லுங்க. இந்தக் குரல் சொன்னாதான் அவங்க நம்புவாங்க."

அந்த அம்மா என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கியதும் மேஜைமேல் வைத்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

அம்மாவை பஸ் ஸ்டாப்பில் உட்கார வைத்துவிட்டு, அவன் பைக்கின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு போனான். பெண்ணின் அப்பாவுக்குக் கிரிவலப் பாதையில் கற்பூரமும் தண்ணீரும் விற்கும் கடை. நான் இரண்டு வார்த்தை பேசியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பேச்சைப் பேசியவர் நீங்கள்தானே என்று நாற்காலி போட்டார், மனைவியைக் கூப்பிட்டு காபி கொண்டுவரச் சொன்னார். நான் உட்காரவில்லை. எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, அது ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது, இந்தப் பையன் அந்த ஊரிலேயே இல்லை, பேச்சு ருசிக்காக அந்த வரியைச் சேர்த்தேன் என்று நின்றபடியே சொன்னேன். தெரியாது என்ற வார்த்தையை நான் வெளியாள் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கும் இப்படித்தான் சார் உறுதியா சொன்னீங்க" என்றார் அவர், குழப்பத்தோடு.

பையன் சட்டைப்பையிலிருந்து வேலை அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். ஊர்ப் பெயர், செய்யும் வேலை, போட்டோ எல்லாம் அதில் இருந்தன. அட்டையின் ஓரம் நைந்திருந்தது. இதே கடையில் இதே அட்டையை ஏற்கெனவே காட்டியிருக்கிறான் என்று, பெரியவர் அதை வாங்கிய விதத்திலேயே தெரிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்து முடித்து, அவனிடம் திருப்பித் தராமல் என்னிடம் நீட்டினார்.

"இது நெஜந்தானா சார்? நீங்க சொல்லுங்க."