கட்டுமரத்தை அந்தப் பக்கத்தில் போட்டது யார்?

ஷிர்சாட் பொய் சொன்னார். அவருடைய பதிப்பகம் போட்ட ஆங்கிலச் சொல் புத்தகத்தில் வந்த தவறுக்கு ஜெசிந்தா காரணம் இல்லை. அந்த வரியைப் போடச் சொன்னவர் ஷிர்சாட். அவர் சொன்னபோது நான் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் மெஷின்களுக்கு மேனுவல் எழுதும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாங்வியில் வீடு. வீட்டில் சும்மா இருந்தால் மனைவியோடு சண்டை வருகிறது என்று புனே நகருக்குள் இருக்கும் இந்தப் பதிப்பகத்தில் எடிட்டராகச் சேர்ந்தேன். பேங்க், ரயில்வே தேர்வு எழுதுகிறவர்களுக்கான புத்தகங்கள் போடுகிற இடம். இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன். ஷிர்சாட் படிக்கட்டும் என்றும்தான்.

1. முதல் நாள்: போர்ட்

புத்தகத்தின் திட்டம் எளிமையானது. ஒரே எழுத்து வரிசை வரும் ஆங்கிலச் சொற்களை ஒரு பக்கத்தில் சேர்க்க வேண்டும். அவற்றுக்குப் பொதுவான வேர் எது, அதன் பொருள் என்ன என்று மேலே போட வேண்டும். மாணவன் ஒரு வேரை மனப்பாடம் செய்தால் பத்துச் சொல் கைக்கு வரும்.

பத்து என்பது சும்மா சொன்னதில்லை. கம்ப்யூட்டரில் பக்கத்துக்கான டெம்ப்ளேட்டே அப்படித்தான். பத்துக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல், அதைப் பிரித்துக் காட்டும் வரி, பொருள், சின்னதாக ஒரு படம். கட்டம் காலியாக இருக்கக் கூடாது. இது ஷிர்சாட்டின் சட்டம்.

முதல் நாள் என் கையில் கொடுத்தது போர்ட் பக்கம். லத்தீனில் போர்டாரே என்றால் சுமந்து செல்வது. எக்ஸ்போர்ட், வெளியே சுமப்பது. இம்போர்ட், உள்ளே சுமப்பது. ரிப்போர்ட், செய்தியைத் திருப்பிச் சுமந்து வருவது. எல்லாம் சரி. பத்தாவது கட்டத்தில் போர்ட்ரெய்ட் இருந்தது. 'சுமந்து செல்லும் படம்' என்று பொருள் போட்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்து அகராதியைப் பார்த்தேன். போர்ட்ரெய்ட்டுக்கும் சுமப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அது வெளியே இழுப்பது என்ற வேறொரு லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. உருவத்தைக் கோடாக இழுத்து எடுப்பது. எழுத்து ஒன்றாக இருந்தால் வம்சம் ஒன்றாகிவிடாது.

அடித்துவிட்டு ஷிர்சாட்டிடம் கொண்டுபோனேன். அவர் பேசுவது இந்தியும் மராட்டியும் கலந்த பேச்சு. தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்.

"அரே, அடிச்சுட்டீங்க, சரி. அப்ப பத்தாவதுக்கு என்ன?"

"ஒன்பதோட நிக்கட்டும் சார்."

"ஒன்பதா? காலிக் கட்டத்தைப் பார்த்தா பையன் என்ன நினைப்பான்? பிரின்டிங் மிஸ்டேக்னு நினைப்பான். காசு திருப்பிக் கேப்பான்."

நான் போய் சப்போர்ட் என்ற சொல்லைப் போட்டேன். அது உண்மையிலேயே அந்த வம்சம். கீழே இருந்து சுமப்பது. அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்தது. எல்லா வேருக்கும் பத்துப் பிள்ளைகள் இருக்காது என்பதை அந்த மனிதர் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

2. ஜெசிந்தா

ஜெசிந்தா எனக்குப் பிறகு சேர்ந்தவர். கேண்டோன்மென்ட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். வயதில் என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் வீடு இவர் சம்பளத்தில்தான் ஓடியது. தமிழ் பேசுவார், இந்தி பாதி கலந்து. தமிழ் வாசிக்க எழுத்துக் கூட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எங்கள் யாரையும்விடக் கெட்டி.

புத்தகத்தின் முதல் பாதி, லத்தீன் வேர்கள், எனக்கு; இரண்டாம் பாதி, கிரேக்க வேர்கள், அவருக்கு. அகராதி ஒன்று சொன்னால் நம்ப மாட்டார். இன்னொன்றைத் திறப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் டிக். ஒத்துப்போகாவிட்டால் என் மேஜைக்கு வருவார்.

"அங்கிள், இந்த வேர்ட் கட்பட் பண்ணுது."

"என்ன குழப்பம்?"

"ஒருத்தன் கிரீக்ங்கறான். இன்னொருத்தன் தெரியலைங்கறான்."

"அப்ப தெரியலைன்னு விட்டுடு."

"தெரியலைக்கு என்ன படம் போடறது?"

சிரிப்போம். ஷிர்சாட் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்.

3. கேட்டா பக்கம்

சி, ஏ, டி, ஏ. இந்த நான்கு எழுத்தில் தொடங்கும் சொற்கள் ஜெசிந்தாவின் பங்கில் வந்தன. கேட்டா என்பது கிரேக்க முன்னொட்டு. பெரும்பாலும் கீழே என்று பொருள். கேட்டராக்ட், கீழே பாய்ந்து விழும் நீர், அருவி. கண்ணில் வரும் புரைக்கும் பிறகு அதே பெயர் வைத்தார்கள். கேட்டஸ்ட்ரஃபி, தலைகீழாகக் கவிழ்வது. கேட்டபுல்ட்டில் அதே முன்னொட்டுக்கு எதிரே என்று பொருள். எதிராளி மேல் வீசுவது. கேட்டலாக்கில் முழுவதும் என்று பொருள். ஒன்று விடாமல் எடுத்துச் சொல்வது. எல்லாவற்றுக்கும் 'கீழே' என்று ஒரே அடியாகப் போடக் கூடாது என்று ஒவ்வொரு கட்டத்திலும் பொருளைத் தனித்தனியாக எழுதியிருந்தார். நல்ல வேலை. ஒன்பது கட்டம் நிறைந்தது. பத்தாவதுக்குக் கேட்டலெப்ஸி என்று போட்டார். உடம்பு விறைத்துப்போகும் நிலை. வம்சம் சரியானது.

ஷிர்சாட் அறைக்கு வந்தார். லேஅவுட் செய்யும் மஹேஷின் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தார்.

"இது என்ன வியாதி? எந்த எக்ஸாம்ல வருது? இதுக்குப் படம் என்ன போடுவே, பொணமா?"

மஹேஷ் வாயை மூடிக்கொண்டு சிரித்தான்.

"கேட்டமரான் போடு. போட். கோவா போனவன் எல்லாம் பார்த்திருக்கான். நீலக் கலர்ல படம் போட்டா பக்கமே தூக்கும்."

ஜெசிந்தா எழுந்து நின்றார். "சார், அது கிரீக் இல்லை. தமிழ். கட்டு, மரம். மரத்தைக் கயிறு வெச்சு கட்டறது. எனக்குத் தமிழ் வாசிக்கத்தான் வராது சார், இது தெரியும்."

"தமிழா இருந்தா என்ன? எழுத்து சி, ஏ, டி, ஏதானே. கேட்டான்னா கீழே. மரான்னா கடல், மெரைன் மாதிரி. கடல்ல தாழ்வா மிதக்கறது. எவ்வளவு அழகா செட் ஆகுது பாரு."

முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன், படகு நம்முடையது. அழகாகச் செட் ஆனதுதான் ஆபத்து. அசட்டுத்தனமாக இருந்திருந்தால் யாராவது நிறுத்தியிருப்பார்கள்.

நான் சொன்னேன். "சார், இது தப்பு. அகராதியைப் பாருங்க, எல்லாத்துலயும் தமிழ்னுதான் இருக்கு. இந்த புக்கு சென்னைக்கும் போகுது."

"நீங்க உங்க பாதியைப் பாருங்க."

ஜெசிந்தா விடவில்லை. "என் பேர் புக்குல வருது சார். லாங்வேஜ் எடிட்டர்னு."

"அப்ப நீதான் எடிட்டரா? நான் யாரு?"

"நீங்க ஓனர் சார். எடிட்டர் நான்."

பிறகு ஷிர்சாட் மஹேஷின் முதுகில் தட்டினார். "டைப் பண்ணு." மஹேஷ் டைப் செய்தான். 'கடலில் தாழ்வாக மிதப்பது.' நீலக் கலரில் படகு வந்தது. அப்படியே அச்சுக்குப் போனது.

மஹேஷை நான் சாட்சிக்கு இழுக்கவில்லை. அவனுக்கு இன்னும் அங்கேதான் வேலை.

4. சென்னையில் இருந்து வந்த போன்

புத்தகம் சென்னைக் கடைகளுக்குப் போனது. அங்கே எங்கள் டீலர் நன்றாகப் பேசக்கூடியவர். இந்தி தெரியாது. அதனால் ஷிர்சாட் என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன் சார், கட்டுமரத்தைக் கிரேக்கக்காரன் கண்டுபிடிச்சான்னு போட்டிருக்கீங்களாமே. காசிமேட்டுல போய்ச் சொல்லுங்க, துடுப்பாலயே போடுவான். பசங்க பக்கத்தை போட்டோ எடுத்து ஊர் பூரா அனுப்பிச் சிரிக்கிறாங்க. கடைக்காரங்க கட்டுக் கட்டா திருப்பி அனுப்பறாங்க. யார் சார் எழுதினது இதை?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். துடுப்பை விட்டுவிடாமல் சொன்னேன்.

ஷிர்சாட் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அந்தப் பாதி ஜெசிந்தாவோடது. அவ தமிழ். தமிழ் எடிட்டரே பாஸ் பண்ணினா மராட்டிக்காரன் நான் என்ன பண்ண முடியும்? அப்படியே சொல்லுங்க அவர்கிட்ட."

நான் டீலரிடம் தமிழில் சொன்னேன். "போடச் சொன்னது ஓனர். ஜெசிந்தா வேண்டாம்னு சொன்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன்." ஷிர்சாட்டுக்குப் புரிந்திருக்கும். ஓனர் என்ற சொல் எல்லா மொழியிலும் ஓனர்தான். போனை வாங்கி வைத்துவிட்டார்.

மறுநாள் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. 'எங்கள் மொழி எடிட்டரின் கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.' பெயர் இல்லை. பெயர் எதற்கு? புத்தகத்தைத் திறந்தால் முதல் தாளின் பின்புறம் இருக்கிறது. நடவடிக்கை என்பது ஜெசிந்தாவை இனி வர வேண்டாம் என்று சொன்னது.

நானும் நின்றுவிட்டேன். அதை யாரும் பெரிதாகப் பேச வேண்டாம். என் மகன் சம்பாதிக்கிறான். நான் வேலையை விட்டால் வீட்டில் சண்டைதான் கூடும். ஜெசிந்தா வீட்டில் மருந்து நிற்கும்.

புனேயில் இந்தத் தொழிலில் இருக்கும் கம்பெனிகள் ஒருவருக்கொருவர் தெரிந்தவை. போன வாரம் ஜெசிந்தா ஒரு இன்டர்வியூவுக்குப் போய்விட்டு எனக்கு போன் செய்தார்.

"ஃபர்ஸ்ட் கொஸ்டினே அதுதான் அங்கிள். 'அந்த போட் நீங்கதானா?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நான் இல்லைன்னேன். அப்ப யாருன்னு கேட்டாங்க. பழைய ஓனர்னு சொன்னா, நாளைக்கு நம்மளையும் இவ இப்படித்தான் சொல்லுவான்னு நினைப்பாங்க இல்ல? சும்மா சிரிச்சேன். சிரிச்சதும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

"வேலை?"

"சொல்றோம்னாங்க. சொல்ல மாட்டாங்க அங்கிள்."

5. கற்றுக்கொண்டது

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். ஒன்பது உண்மை இருந்தால் ஒன்பதைப் போடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் டெம்ப்ளேட்டை மாற்றுங்கள். மெஷின் மேனுவலில் தெரியாத அளவை நிரப்பினால் ஒருவன் கை போகும் என்று எனக்கு அந்தக் காலத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சொல் புத்தகத்தில் நிரப்பினால் கை போகாது என்று நினைத்தேன். ஜெசிந்தாவுக்குப் போனது அதுதான்.

ஷிர்சாட் சார், இதை உங்களுக்கு இந்தியில் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு போன் செய்ய வேண்டாம். சாய் குடிக்கக் கூப்பிட வேண்டாம். மஹேஷிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். உங்கள் அறிவிப்பு இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. புனேயில் எடிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிற எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குக் கீழே, எல்லாரும் பார்க்கும்படி, உங்கள் பெயர் போட்டு இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: மஹேஷிடம் "டைப் பண்ணு" என்று சொன்னது யார்?