25011983-ஐ வகுத்தவர்

கணக்கு வாத்தியார் கவுஸ் பாஷாவுக்கு நிக்காஹ் நடந்த தேதி 25-01-1983. மற்றவர்கள் தேதியைப் பத்திரிகையில் அச்சடித்துவிட்டு மறந்துபோவார்கள். இவரோ நடுவிலிருந்த கோடுகளை எடுத்துவிட்டு 25011983 என்று எழுதி, இது பகா எண்ணா, அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணா என்று பார்க்க உட்கார்ந்தார். புது மாப்பிள்ளைக்கு வேறு வேலையா இல்லை!

ஐயாயிரத்து ஒன்று வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதைவிடப் பெரியது ஏதாவது வகுத்தால், அதன் ஜோடி அதற்குள்ளேயே அகப்பட்டிருக்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் தொடங்கினார். தினசரி காலண்டரில் ஒரு தாளுக்கு ஒரு பகா எண் என்று முன்கூட்டியே பென்சிலால் குறித்துவைப்பார். காலையில் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடுவார். இப்படியே ஏறக்குறைய இரண்டு வருடம். கடைசித் தாளிலும் மீதி வந்தது.

"அஜ்மத், நம்ம தேதிய எதாலயும் பிரிக்க முடியாது" என்றார் மனைவியிடம்.

கணக்கு என்றாலே காத தூரம் ஓடும் அஜ்மத் பேகம் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிரசவத்துக்குப் போனபோதும், மகன் துபாய்க்கு விமானம் ஏறியபோதும் கேட்டாள்: "பிரிக்க முடியாதுல்ல?" "முடியாது" என்பார். அவளுக்கு அது போதும்.

இப்போது அவளுக்குப் புற்று ஈரல் வரை வந்துவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார் டாக்டர். ஒரு மதியம் அவள் கண்ணயர்ந்திருக்க, வாத்தியார் பொழுது போகாமல் அந்த எண்ணைச் செல்போனில் தட்டிக் காரணிகளைக் கேட்டார். 1013 × 24691 என்று வந்தது. நம்பாமல் கையால் பெருக்கினார். சரியாகத்தான் இருந்தது.

1013 எப்படித் தப்பியது? நாள்களை எண்ணிப் பார்த்தார். அது கார்த்திகை தீபத்தன்று விழுந்திருந்தது. அன்று மலைமேல் ஏற்றும் தீபம் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த வாத்தியார்கள் வீடு கொள்ளாமல் இருந்தார்கள். தாளைக் கிழிக்க யாருக்கும் நினைவில்லை. மறுநாள் அஜ்மத் அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பாள். அந்தத் தாளோடு அந்த எண்ணும் போயிற்று.

அவள் கண் விழித்தாள்.

"என்னாங்க, பயமா இருக்குது. பிரிக்க முடியாதுல்ல?"

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாற்பது வருடமாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் தெரியாமல் சொன்னது வேறு, தெரிந்தே சொல்வது வேறு. போகிறவளைப் பொய் சொல்லி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"வகுபடுது அஜ்மத். நான் ஒண்ண விட்டுட்டேன்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். பாவி, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவர் துடித்துப்போனார்.

"எத்தினியா பிரியுது?"

"ரெண்டா."

"அந்த ரெண்டும்?"

"அது ரெண்டுமே பகா எண்ணு. அதுக்கு மேல ஒடையாது."

அவள் மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் போனப்புறம் நீங்க ஒடையக் கூடாது. கணக்கே சொல்லுது பாருங்க. ஒடைய மாட்டீங்கல்ல?"

வாத்தியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.