‘எங்கே’ என்று கேட்ட ஏஜெண்டு

வாடகை பேசுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை — போன வியாழக்கிழமை வரை என்னைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம் இது. லாரிக்கு முதலாளியும் நானே, டிரைவரும் நானே. ஏமாந்தால் திட்டுவதற்குக்கூட வேறு ஆள் கிடையாது.

இலுப்பூரிலிருந்து கோட்டைப்பட்டினத்துக்குக் கடலை மூட்டை. லோடு பிடித்துத் தரும் ஏஜெண்டு சுப்பையாவிடம் வாடகை எவ்வளவு, ஏற்றுக்கூலி யார் தலையில், முன்பணம் போக பாக்கி யார் கொடுப்பார் என்று கேட்டேன். பிறகு மறுபடியும் கேட்டேன்.

"எந் தங்கச்சிக்கு மாப்புள்ள பாத்தப்பக்கூட இம்புட்டு விசாரிக்கலண்ணே. பாக்கிய அங்க ராவுத்தர் கையில வாங்கிக்கங்க," என்றார்.

நான் என்ன செய்ய? சனிக்கிழமை லாரித் தவணை. தவறினால் கடன் கொடுத்தவர் வாசலில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். பயம் இருக்காதா?

மூட்டை ஏற்றி வண்டியைக் கிளப்பினேன். பஸ்ஸில் வந்திறங்கிய யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சுப்பையா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

"அண்ணே, எங்க போறீங்க..."

போச்சு. கிளம்புகிறவனைப் பார்த்து ‘எங்கே’ என்று கேட்கலாமா? அதுவும் தவணை வாரத்தில்? இறங்கினேன். தண்ணீர் குடித்தேன். சகுனத்தடை நீங்கச் சற்று உட்கார்ந்தேன். சுப்பையா மறுபடி வாயைத் திறந்தார்.

"நீங்க பேசுனதே போதும்," என்று அடக்கினேன்.

மனிதர் மூடிய கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடிக்கத்தான் வருகிறாரோ என்று ஏறி உட்கார்ந்து ஓட்டிவிட்டேன்.

கோட்டைப்பட்டினத்தில் மூட்டைகள் இறங்கின. சரக்கு வாங்கிய ராவுத்தர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

"பாக்கியா? காலை பஸ்ல ஆள் மூலமா சுப்பையாகிட்ட முழுசையும் குடுத்து விட்டேனே. ஒங்க கையில தரலியா?"

அந்த மூடிய கை கண்முன் வந்தது. ராவுத்தர் வீட்டு மீன்குழம்பைப் பாதியில் விட்டு எழுந்தேன். இந்த யுத்தகாலத்தில் ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோலை எரித்துக்கொண்டு, காலி வண்டியோடு இலுப்பூர் திரும்பினேன்.

சுப்பையா பணத்தை நீட்டினார். "பேசலாமாண்ணே?" என்று அனுமதியும் கேட்டார்.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?"

"‘எங்க போறீங்க, பணத்த வாங்காம?’ன்னு கேக்க வந்தேண்ணே."

தவணையைச் சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கட்டி முடித்தேன். வண்டி தப்பியது; மானம்தான் தப்பவில்லை. சகுனம் பலித்ததா என்றால்... பலித்தது. பாடுபட்டுப் பலிக்க வைத்தவன் நான்.

இந்த வாரம் முழுவதும், கிளம்பும்போது யாராவது ‘எங்கே’ என்று கேட்டால் நான் முகத்தைச் சுளிப்பதில்லை. கையை நீட்டிவிடுகிறேன்.