படத்தில் இருந்த மலைக்கசம்

சென்ற தை மாதம் நாங்கள் மூன்று பேர் பாபநாசத்துக்கு மேலே மலையேறியதற்குக் காரணம் ஒரு புகைப்படம். வீட்டில் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தோம். முழுப் பொய்யும் இல்லை, தூண்டில்கள் தோளில்தான் இருந்தன.

நானும், பள்ளிக்கூட வாத்தியார் ஈசாக்கும், தானியம் விற்கும் தவசக் கடை சங்கரலிங்க அண்ணாச்சியும் தூண்டில் பைத்தியங்கள். நெல்லை டவுனில் ஒரு போட்டோக் கடை உண்டு. மலைக்குப் போய்வரும் துரைமார் கழுவக் கொடுக்கும் படங்களில் சிலவற்றைக் கண்ணாடிக்குள் மாட்டி வைப்பார்கள். படத்தில் இருக்கும் கசம், அதாவது ஆற்றின் ஆழமான மடு, எந்த இடம் என்று சொல்வது எங்கள் சாயங்கால விளையாட்டு. தோற்றவர் சுக்குக் காப்பி வாங்கித் தரவேண்டும்.

மார்கழியில் ஒரு படத்தைப் பார்த்ததும் அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார். கசத்தின் கரையில் அவர் தம்பி ஆறுமுகம் நிற்கிறான்! கல்யாணப் பேச்சில் தகராறு முற்றி, "இனி என் மூஞ்சியில முழிக்காதலே" என்று அண்ணாச்சி சொன்ன அன்று போனவன். மூன்று வருஷமாகத் தகவல் இல்லை. படமெடுத்த துரையோ கப்பலேறிவிட்டாராம். அந்தப் படத்தை அண்ணாச்சி வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டார்.

படத்தில் ஆறுமுகத்தின் காலடியில் தண்ணீர் வெள்ளையாகக் கொந்தளித்தது. "அருவி விழுந்து கொதிக்குது, பாணதீர்த்தந்தான் வே" என்றார் ஈசாக்கு. களக்காட்டு மலை என்று நான் அடித்துப் பேசினேன். அண்ணாச்சி வாத்தியாரை நம்பினார்.

காலை ரயிலில் அம்பாசமுத்திரம். அங்கே பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டோம். பாபநாசம் ஆறு மைல், வண்டிச் சத்தம், வாடகைதான், ஒரு ரூபாய். "மேல வண்டி போவாதுய்யா. ஆனை நடமாட்டம் இருக்கு, பைய பாத்துப் போங்க" என்று வண்டிக்காரர் இறக்கிவிட்டார். சத்திரத்தில் தங்கி விடியற்காலை கிளம்பினோம். பத்து மைலுக்குமேல் ஏற்றம், கால் கெஞ்சிவிடும்.

பாணதீர்த்தத்தில் அருவி இருந்தது, படத்திலிருந்த பாறைகள் இல்லை. அண்ணாச்சி படத்தை எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப மடியில் செருகிக்கொண்டார். அன்றிரவு மலையில் வாழும் காணிக்காரர் குடியிருப்பில் இடம் கொடுத்தார்கள்.

மறுநாள் திரும்பும் வழியில் காரையாற்றங்கரை ஐயனார் கோயிலில் உட்கார்ந்தோம். அண்ணாச்சிக்குச் சாப்பிட மனமில்லை. தன் பங்குப் பொரியை அள்ளி ஆற்றில் வீசினார். உடனே தண்ணீர் வெள்ளையாகக் கொந்தளித்தது. கை நீளக் கெண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைப் பிளந்தன. எதிரே படத்திலிருந்த அதே பாறைகள்!

அட, எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க! அங்கே இருப்பவை சாமி மீன்கள், யாரும் தூண்டில் போடுவதில்லை. அதனாலேயே நாங்கள் அந்தக் கரையில் ஒருநாளும் நின்றதில்லை. மனித நிழல் பட்டாலே ஓடுகிற மீனைத்தான் எங்களுக்குத் தெரியும். படத்தில் கொதித்தது அருவியல்ல, காலடியில் மொய்க்கும் மீன் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோயில் மடைப்பள்ளியிலிருந்து குடத்தோடு ஒருவன் வந்தான். எங்களைக் கண்டதும் குடத்தை வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"ஏலே ஆறுமுகம்" என்றார் அண்ணாச்சி.

"மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு நீங்கதானண்ணே சொன்னிய" என்றான், திரும்பாமலே.

"சொன்ன வாயில கொள்ளிய வைக்க. திரும்புலே. படத்தையே பாத்துப் பாத்து என் கண்ணு பூத்துப் போச்சு."

திரும்பினான். அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தார், தன் கண்ணைத் துடைக்கவில்லை. நானும் ஈசாக்கும் மீனைப் பார்ப்பதுபோல் நின்றோம். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்?

போக நினைப்பவர்கள் தை, மாசியில் போங்கள், தண்ணீர் தெளிந்திருக்கும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். தூண்டிலைப் பாபநாசத்திலேயே விட்டுவிட்டுப் பொரியை மட்டும் கொண்டுபோங்கள். அந்தப் படம் இப்போது தவசக் கடையில் தொங்குகிறது. எந்தக் கசம் என்று அண்ணாச்சியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். "ஏலே, இங்கன வா, நீயே சொல்லு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிடுவார்.